தங்கத்தில் விட்ட சாயம்

தங்கம் நீலமாகும் என்று சொன்னால் பதுளைக் கடைவீதியில் எந்த நகைக்கடைக்காரரும் என்னை வாசற்படி ஏறவிடமாட்டார். ஆனால் நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, எட்டு மாதமாக அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிய கண்ணாடிப் போத்தலில் ரோஸ் சர்பத் போலச் சிவந்த நீர் இருக்கும். அதில் உப்பும் புரதமும் கலந்த நீரை விடுவேன். கண்மூடித் திறப்பதற்குள் சிவப்பு ஊதாவாகும், ஊதா நீலமாகும், கொஞ்ச நேரத்தில் கரிப்பொடி போல அடியில் போய்ப் படுத்துவிடும். பின்னால் தொட்டியடியில் நின்று கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருக்கும் அக்கா தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பார்.

"இன்னைக்கும் போச்சா மிஸ்?"

"போச்சு அக்கா."

"சரி விடுங்க. கழுவக் குடுங்க."

அந்த அக்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பதுளையில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஆய்வுகூடத்தில் அவர் துப்புரவு வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பசறை வீதியில் மேலே ஏறிப்போனால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருப்பு. கல்யாணமான புதிதில் கொழுந்து பறித்தவர். பிறகு அட்டைக்கடியும் கங்காணியின் வாயும் போதும் என்று முடிவுகட்டிவிட்டு டவுனுக்கு வேலைக்கு வந்துவிட்டதாகச் சொல்வார். கண்ணாடிக் குழாயை அவர் கழுவினால் அதில் ஒரு சொட்டு நீர் கூட ஒட்டாமல் வழிந்து இறங்கும். ஒட்டினால் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். இதை அவருக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகவே பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நாங்கள் படித்தவர்கள் கழுவிய குழாய்களை அவர் ஒரு கண்ணை இறுக்கிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்; ஒன்றும் சொல்லாமல் மறுபடி கழுவுவார். அந்த ஒன்றும் சொல்லாமைதான் எங்களுக்குப் பெரிய அவமானம்.

எனக்கு அப்போது கழுத்துக்குமேல் தண்ணீர். அந்த மாதக் கடைசியில் மீளாய்வு. உப்பும் புரதமும் உள்ள நீரில் என் தங்கத்துகள்கள் சிவப்பாக நின்றால் என் ஆராய்ச்சிப் பதிவு நீடிக்கும். நீலமானால் பதிவு முடிந்தது. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு என் ஊர் கொஸ்லந்தைக்குப் போகவேண்டியதுதான். பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "எட்டு மாதம் ஒரு கேள்விக்குப் போதும்" என்று சொல்லிவிட்டார். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் நான். திரும்பிப் போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், தேத்தண்ணி கொடுத்து உட்காரவைப்பார்கள். அதை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

என்னதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று அக்கா ஒருநாள் கேட்டார். கேட்டதே எனக்குப் பெருமை, உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. தங்கத்தை அத்தனை சின்னதாக்கினால், தலைமுடி ஒன்றின் தடிப்பில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்தும் அளவுக்குச் சின்னதாக்கினால், அதன் குணமே மாறிவிடும். மஞ்சள் போய்ச் சிவப்பாகும். அவ்வளவு சின்ன பொருளில் உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட மேலே என்ன இருக்கிறது என்பதுதான் பெரிது. மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கின்றன. உப்பு வந்தால் அந்தத் தள்ளல் மங்கிவிடும். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி நீலமாகும். ஆனால் இரத்தத்தில் உப்பு மட்டுமா இருக்கிறது? புரதங்களும் இருக்கின்றன. துகள் உள்ளே போன மறுகணமே புரதங்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து அதன்மேல் அப்பிக்கொள்ளும். எந்தப் புரதம் வரும், எவ்வளவு இறுக்கமாக ஒட்டும், ஒட்டும்போது தன் வடிவத்தைக் குலைத்துக்கொள்ளுமா என்பதையெல்லாம் துகளின் மேற்பரப்புதான் தீர்மானிக்கிறது. அதே தங்கம்தான், மேலே உள்ள பூச்சை மாற்றினால் வேறு புரதம் வரும். என் கையில் உப்பு முந்திக்கொள்கிறது, புரதம் பிந்திவிடுகிறது. இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "அப்ப ஒடம்பு தங்கத்தப் பாக்கவே பாக்காதா? மேல போத்துன போர்வையத்தான் பாக்குமா?"

"அதேதான் அக்கா!"

"எங்க மாமியா மாதிரி" என்றார். "பொண்ணு பாக்க வந்தப்ப என் மொகத்தப் பாக்கல. சீலையத்தான் பாத்துச்சு."

சிரித்துக்கொண்டே நான் இன்னொன்றும் சொல்லிவைத்தேன். பாலைக் கலந்தால் தேத்தண்ணியின் துவர்ப்பு ஏன் குறைகிறது தெரியுமா, பாலில் இருக்கும் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது, அதுவும் ஒட்டுகிற சங்கதிதான் என்றேன். சும்மா ஒரு உதாரணத்துக்குச் சொன்னது. அந்த வார்த்தை எங்கே போய் நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்!

மீளாய்வுக்கு முந்திய சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் இருந்தேன். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். இரண்டு நாள் விடாத மழை. பெரகல சந்திக்கு வந்தபோது மேலே அப்புத்தளைப் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது, வழி திறக்க மத்தியானமாகும் என்றார்கள். சந்தியில் ஒரு பெட்டிக்கடை ஓரமாக, நனைந்த சனங்களுக்கு நடுவே நின்றேன். ஆய்வுகூடத்தில் மூன்று போத்தல் தங்க நீரைத் தயார் செய்து வைத்துவிட்டு வந்திருந்தேன். துகளின் மேற்பரப்பில் எவ்வளவு இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்று அறிய அதில் ஒரு சாயம் சேர்ப்பது என் வழக்கம். பழுப்பு நிறம், அலமாரியில் ஆங்கிலப் பெயர் ஒட்டிய போத்தலில் இருக்கும். காலையில் சேர்த்தால்தான் மாலையில் கணக்கு வரும். வேறு மாணவர் யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

ஆய்வுகூடத்தில் அதை நாங்கள் எப்போதும் "டை" என்றுதான் சொல்வோம். அன்றைக்கு என்ன வந்ததோ, சுற்றிலும் நம் சனங்கள் நின்ற கூச்சமோ, தமிழ் மொழிமூலம் படித்த திமிரோ, வாயில் நல்ல தமிழ் வந்துவிட்டது.

"அக்கா, என் மேசையில மூணு போத்தல் இருக்குல்ல, செவப்பா? அதுல ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சொட்டு சாயம் விட்டுருங்க."

"சாயமா மிஸ்?"

"ஆமாங்க, சாயந்தான். ரெண்டே சொட்டு. மறந்துறாதீங்க."

"சரிங்க மிஸ், விட்டுர்றேன்."

மலைநாட்டுக்கு வெளியே இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் தோட்டங்களில் பால் விடாத வெறும் தேத்தண்ணிக்குச் சாயம் என்றுதான் பேர். நான் பிறந்ததிலிருந்து குடித்து வளர்ந்தது அதைத்தான். அது தெரிந்த நானே அப்படிச் சொன்னேன் என்றால் என்னை என்னவென்று சொல்வது!

பிற்பகல் மூன்றரைக்குத்தான் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தேன், தலை நனைந்து, காலில் செம்மண்ணோடு. அக்கா வேலை முடிந்து போய்விட்டிருந்தார். போத்தல்களில் சாயம் விட்டதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது. இரண்டு சொட்டுப் பழுப்பை அந்தச் சிவப்பு விழுங்கிவிடும். அளவிடும் பொறுமைகூட இல்லை எனக்கு. எப்படியும் நீலமாகத்தானே போகிறது என்ற எரிச்சலோடு உப்பும் புரதமும் கலந்த நீரை முதல் போத்தலில் விட்டேன். விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் சிவப்பு. இன்னும் கொஞ்சம் விட்டேன். சிவப்பு! இரண்டாவது போத்தல், மூன்றாவது போத்தல். அடி ஆத்தி, மூன்றும் அப்படியே சிவந்து நின்றன! நான் குதித்ததில் மேசையிலிருந்து பேனா விழுந்து உருண்டது. கால் மணி நேரம், அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருமில்லாத அறையில் அந்தப் போத்தல்களைப் பார்த்து "நில்லுங்கடி, நில்லுங்கடி" என்று கெஞ்சினேன். நின்றன.

மறுநாள் காலையில் பேராசிரியரிடம் கொண்டுபோய் வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். அவர் சிங்களவர்; பதுளையிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழில் சரளமாகப் பேசுவார். "நல்லது. என்ன மாத்தினீங்க?" என்றார். சாயம் துகளில் முதலில் ஒட்டிக் காப்பாற்றியிருக்கவேண்டும் என்று அடித்துவிட்டேன். "ஒருதரம் வந்தா அது அதிர்ஷ்டம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என் கண்ணுக்கு முன்னால மூணு போத்தல் செஞ்சு காட்டுங்க. அதையே மீளாய்வா எடுத்துக்கிறேன்" என்றார். நான் பறந்துகொண்டு வெளியே வந்தேன்.

அன்று மாலை செய்து பார்த்தேன். டை இரண்டு சொட்டு, பிறகு உப்பு நீர். நீலம். புதன்கிழமை நான்கு சொட்டு விட்டேன், நீலம். ஒரு சொட்டு, நீலம். காலையில் விட்டு மாலை வரை வைத்திருந்து செய்தேன், அதுவும் நீலம். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் பதினெட்டுப் போத்தல் போய்விட்டது. கண்ணில் பூச்சி பறந்தது. கடைசிப் போத்தலும் கறுத்து இறங்கியபோது நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, டைப் போத்தலைத் தூக்கி அக்காவிடம் நீட்டினேன்.

"திங்கக்கெழம இதத்தானே ஊத்துனீங்க? எத்தன சொட்டு ஊத்துனீங்க, சத்தியமா சொல்லுங்க."

அக்கா அந்தப் போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னாது மிஸ்?"

"சாயம்."

"இதா சாயம்?" அவர் முகம் மாறியது. "நான் இத ஊத்தலயே. நான் சாயத்தல்ல ஊத்துனேன்!"

"எந்தச் சாயம்?"

"குடிக்கிற சாயம் மிஸ்! என் பிளாஸ்க்கில இருந்ததுதான்!"

சொன்ன கையோடு அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆய்வுகூடத்துக்குள் உண்ணவோ குடிக்கவோ கூடாது என்று கதவில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தது. "நான் பிளாஸ்க்க உள்ள கொண்டாரல மிஸ். அது வெளிய செருப்பு வைக்கிற எடத்துலதான் இருந்துச்சு. சொட்டுக்குழாயத்தான் வெளிய கொண்டு போனேன். கழுவுன குழாய். நீங்கதானே அன்னைக்குத் தேத்தண்ணியும் புரதமும் ஒட்டும்னு சொன்னீங்க? ஏதோ காரணமாத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன்."

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள்! அவைதான் தங்கத்தின்மேல் போய் முதலில் உட்கார்ந்திருக்கின்றன. உப்பை நெருங்கவிடாமல் தடுத்து, புரதத்தை மட்டும் இழுத்து மேலே போர்த்திக்கொண்டிருக்கின்றன. எட்டு மாதமாக நான் துகளின் மேல் எதைப் பூசுவது என்று வெளிநாட்டிலிருந்து வந்த பொடிகளைக் கரைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் மலை முழுக்கத் தேயிலை. எனக்கு வந்த கோபத்தில் என் தலையில் நானே ஒன்று வைத்துக்கொண்டேன்.

ஓடிப்போய்க் கன்டீனில் சாயம் வாங்கி வந்தேன். சீனி வேண்டாம், நல்ல கடுப்பமா குடுங்க என்று கேட்டு வாங்கினேன். வெளியே நின்று குழாயில் எடுத்து, இரண்டு சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து உப்பும் புரதமும் விட்டேன். நீர் கலங்கியது. சேறு கரைத்தது போல மங்கி, ஊதாவாகித் திரண்டு, இறங்கிவிட்டது. நீலத்தைவிட மோசம்.

"ஐயோ அக்கா!"

அக்கா கன்டீன் கோப்பையை எட்டிப் பார்த்தார். "இந்தக் கறுப்புல ஊத்துனா? என் சாயம் இப்பிடி இருக்காது மிஸ். அது ரெண்டாந்தண்ணி."

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஒரு தடவை கொதித்து வடித்த தேயிலைத்தூளில் மறுபடி நீர் விட்டு எடுப்பது. துவர்ப்பு கொஞ்சமாகத்தான் இருக்கும்; துகளின் மேல் ஒட்டுவதற்குப் போதும், மிஞ்சி நீரில் அலையாது. கடும் சாயத்தில் மிஞ்சியது புரதத்தையெல்லாம் பிடித்துக் கட்டியாக்கிவிடுகிறது. கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் பார்க்க அவருடைய பிளாஸ்க்கில் ஒரு சொட்டும் இல்லை. மத்தியானமே குடித்து முடித்துவிட்டார். நான் போட்டுக்கொள்ளலாம் என்றால் எவ்வளவு தூள், எவ்வளவு கொதி என்று ஒன்றும் தெரியாது. "நாளைக்கு வெள்ளனக் கொண்டாறேன் மிஸ். எட்டு மணி பஸ்ஸுக்கு வந்துருவேன். ஆனா என் பேர மட்டும் சொல்லிராதீங்க. ஒப்பந்தம் எழுதுற நேரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லவேண்டிய தேவையே இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை காலை குளிக்கும்போதே ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் பழகிக்கொண்டேன். தேயிலை வடிநீரால் மேற்பரப்பை மாற்றியமைத்தேன் என்று, ஏதோ நானே யோசித்துச் செய்தது போல. சொல்லிப் பார்க்க வாய்க்கு ருசியாகத்தான் இருந்தது.

எட்டு மணி பஸ் எட்டே முக்காலுக்கு வந்தது. அக்கா ஓடிவந்தார், பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு. செருப்பு வைக்கும் இடத்தில் குந்தி, அவர் மூடியில் ஊற்றிய சாயத்தைக் குழாயில் எடுத்தேன். ஒத்திகை பார்க்க நேரமில்லை. மூன்று போத்தலிலும் இரண்டிரண்டு சொட்டு. பத்து மணிக்குப் பேராசிரியர் வந்தார், கூடவே இன்னும் இரண்டு விரிவுரையாளர்கள். உப்பு நீரை என் கையில் கொடுக்காமல் தானே எடுத்தார். முதல் போத்தலில் விட்டார். சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவதில் வேண்டுமென்றே இரண்டு மடங்கு விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ வியப்போடு "ஷா!" என்றார்கள். திறந்து பார்த்தால் அதுவும் சிவப்பு!

"சரி, பதிவு நீடிக்கும்" என்றார் பேராசிரியர், மிகச் சாதாரணமாக. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் ஆய்வுக் குறிப்பேட்டைத் திறந்தார். "இப்ப செய்முறையைச் சொல்லுங்க. என்ன சேர்த்தீங்க?" நான் பழகிவைத்த வாக்கியத்தைச் சொன்னேன். "எவ்வளவு தூள்? எத்தனை நிமிஷம் கொதிக்க வெச்சீங்க? எந்த வடிநீர்?" எனக்கு ஒன்றுமே தெரியாது. தொட்டியடியில் தண்ணீர் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அத அக்காகிட்டத்தான் கேக்கணும் சேர்" என்றேன். பெரகல சந்தி, சாயம், பிளாஸ்க் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அக்கா என்னை முறைத்த முறைப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது. பேராசிரியர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உட்காருங்க, முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னார். ஒரு மேசைக்கரண்டி தூள், மூன்று கோப்பை நீர், ஒரு கொதி. வடித்துவிட்டு அதே தூளில் மறுபடி ஒரு கோப்பை, பொங்கினதும் இறக்குவது. பேராசிரியர் குனிந்து ஒவ்வொரு சொல்லாக எழுதினார். "பொங்கினதும் உடனேயா, கொஞ்சம் விட்டா?" என்று கேட்டு அடித்துத் திருத்தி எழுதினார். போகும்போது, பிளாஸ்க் எப்போதும் வெளியிலேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். அக்காவின் ஒப்பந்தமும் புதிதாக எழுதப்பட்டது. இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் அக்கா, "இன்னைக்கு எத்தன சொட்டு மிஸ்?" என்று கேட்டார்.

அது கட்டுரையாக எழுதப்பட்டு ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்குப் போனது. நன்றி சொல்லும் பகுதியில் அக்காவின் பெயர் முழுசாக இருக்கிறது. மதிப்பீட்டாளர் ஒருவர் எல்லாம் நன்று என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: எல்லோரும் முதல் வடிநீரைப் பயன்படுத்த, நீங்கள் இரண்டாம் வடிநீரைத் தேர்ந்தது ஏன்? நியாயமான கேள்விதான். துவர்ப்புப் பொருளின் செறிவு, மிஞ்சினால் புரதம் திரளும் அபாயம் என்று வரைபடத்தோடு இரண்டு பக்கம் பதில் எழுதினேன். அனுப்புவதற்கு முன் சும்மா பெருமைக்கு அதைத் தமிழாக்கி அக்காவிடம் சொன்னேன். ஏன் ரெண்டாந்தண்ணியத் தேர்ந்தெடுத்தீங்கன்னு கேக்குறாங்க அக்கா என்றேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தேர்ந்தெடுத்தமாமா! மொதத் தண்ணி அவருக்கு, மாமியாளுக்கு, பள்ளிக்கூடம் போற பிள்ளைகளுக்கு. அது எனக்கு என்னைக்கு மிஸ் மிஞ்சிச்சு?"

நானும் கூடவே சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுபோனது. எங்கள் லயத்துக் காம்பராவிலும் அடுப்படியில் கடைசியாகக் குந்தி அம்மா குடித்த சாயம் தண்ணியாகத்தான் இருக்கும். அது அம்மாவுக்குப் பிடித்த பதம் என்று நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். படிக்கிற பிள்ளை என்று முதல் தண்ணீரையே குடித்து வளர்ந்தவள் நான். அதனால்தான் அந்த வியாழக்கிழமை, சாயம் என்றதும் கடுப்பமாகக் கேட்டு வாங்கி ஓடிவந்திருக்கிறேன்.

ஆய்விதழுக்கு அந்த இரண்டு பக்கத்தையும் அப்படியே அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். அக்கா சொன்ன காரணத்தை எழுத அதில் இடமிருக்கவில்லை. அதனால் இங்கே எழுதிவிட்டேன்.